வாத்தியார் பெயரில் ஒரு மாவட்டம்



கோலாலம்பூரிலிருந்து வடக்கே இரயில் ஏறினால், ரவாங், செரண்டா, கோலகுபு பாரு எல்லாம் தாண்டி ஓர் ஆறு வரும். அதுதான் பெர்னாம் ஆறு. ஆற்றுக்கு இந்தக் கரை சிலாங்கூர், அந்தக் கரை பேராக். ஆற்றைக் கடந்ததும் வண்டி நிற்கும் ஊர் தஞ்சோங் மாலிம்.

உங்களில் பலர் இந்த ஊரைப் பார்த்திருப்பீர்கள். ஈப்போவுக்குப் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி, சுடச்சுட அவித்த பாவ் வாங்கித் தின்றிருப்பீர்கள். சிலர் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியிருப்பீர்கள். சிலருக்குப் பேராங், களும்பாங், சிலிம் ரீவர் பக்கம் சம்பந்தி வீடு இருக்கும். ஆனால் இந்த ஊர் எதனால் பிழைக்கிறது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

ஈயத்தால் பிழைத்த ஊர்கள் பேராக்கில் ஏராளம். ரப்பரால் பிழைத்த ஊர்களும் ஏராளம். தஞ்சோங் மாலிமைச் சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் உண்டு. ஆனாலும் இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கல்லூரி! வாத்தியார்களை உருவாக்குகிற கல்லூரி. 2016ஆம் ஆண்டில் பேராக் மாநிலம் இந்த வட்டாரத்தைத் தனி மாவட்டமாக ஆக்கியபோது அதற்கு வைத்த பெயர் 'முஅல்லிம்'. அரபு மொழியில் அதற்குப் பொருள் ஆசிரியர். வாத்தியார் பெயரில் ஒரு மாவட்டம்! வேறு எந்த ஊருக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை?

அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு உண்டா? கேட்டுக்கு வெளியே நின்று தோசை விற்பதோடு நம் பங்கு முடிந்துவிடுகிறதா? இதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பேசப் போகிறேன்.

வெள்ளைக்காரன் போட்ட கணக்கு

இந்தக் கல்லூரி திறக்கப்பட்டது 1922ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள். சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி என்று பெயர். 1916இல் மறைந்த பேராக் சுல்தான் இட்ரிஸ் முர்ஷிதுல் அஸாம் ஷாவின் நினைவாக வைத்த பெயர் அது. அதற்கு முன் மலாய்ப் பள்ளிகளின் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க மலாக்காவில் ஒரு கல்லூரியும் மாத்தாங்கில் ஒரு கல்லூரியும் இருந்தன. அவற்றை மூடிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பெரிதாகக் கட்டலாம் என்று முடிவானது. அந்தத் திட்டத்தின் மூளை, ஆர்.ஓ. வின்ஸ்டெட் என்ற ஆங்கிலேயக் கல்வி அதிகாரி. முதல் முதல்வராக வந்தவர் ஓ.டி. டசெக். அவர் 1936 வரை இருந்தார்.

வெள்ளைக்காரன் எந்தக் கணக்கும் இல்லாமல் கல்லூரி கட்டுவானா? அந்தக் காலத்து ஆட்சியாளர்களின் எண்ணம் இதுதான்: கம்பத்துப் பிள்ளை நாலெழுத்துப் படிக்கட்டும், ஆனால் கம்பத்திலேயே இருக்கட்டும். விவசாயி மகன் கொஞ்சம் கெட்டிக்கார விவசாயியாக ஆனால் போதும், மீனவன் மகன் கொஞ்சம் கெட்டிக்கார மீனவனாக ஆனால் போதும். அதனால்தான் இந்தக் கல்லூரியில் பாடத்தோடு கூடை முடைதலும் தோட்ட வேலையும் சேர்த்துக் கற்பித்தார்கள்.

நம் பக்கம் என்ன நடந்தது? அதற்கு அடுத்த ஆண்டு, 1923இல், தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். பள்ளிக்கூடம் வந்தது. ஆனால் வாத்தியார்? பல தோட்டங்களில் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ வாத்தியார் ஆனார். ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை, ஒரு கரும்பலகை. அவ்வளவுதான் பள்ளிக்கூடம்! தமிழ் ஆசிரியர்களுக்கென்று தஞ்சோங் மாலிமைப் போல ஒரு பெரிய கல்லூரியை அப்போது யாரும் கட்டவில்லை.

கம்பத்துக்குப் போட்டதும் தோட்டத்துக்குப் போட்டதும் ஒரே கணக்குதான், வாசகர்களே. அவரவர் இருக்கும் இடத்திலேயே அவரவர் இருக்கட்டும் என்ற கணக்கு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அவர்களுக்கு ஒரு கல்லூரியாவது கிடைத்தது. நமக்கு அதுவும் கிடைக்கவில்லை.

கணக்கு எங்கே தவறியது?

கூடை முடையக் கற்றுக்கொடுத்த கல்லூரியில் பிள்ளைகள் வேறு எதையோ கற்றுக்கொண்டார்கள்!

1924இல் கல்லூரியில் மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்று தொடங்கியது. அங்கே பணியாற்றியவர்தான் ஸாபா என்று எல்லாரும் அழைக்கும் ஸைனல் அபிடின் அகமட். 1939 வரை அவர் அங்கே இருந்து மலாய்மொழிக்கு இலக்கணமும் நூல்களும் உருவாக்கினார். இன்றைக்கும் மலாய்மொழி அறிஞர்களில் அவருக்குத் தனி இடம் உண்டு. பல மாநிலங்களிலிருந்து வந்த கம்பத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, புத்தகம் படித்தார்கள்; உலகச் செய்திகளை விவாதித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான இப்ராகிம் யாக்கோப், 1938இல் இளம் மலாய்க்காரர் சங்கமான கே.எம்.எம்.மைத் தொடங்கி, வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்தார். படித்துவிட்டுத் திரும்பிய வாத்தியார்கள் ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு விளக்கைப் போல நின்றார்கள்.

கெட்டிக்கார விவசாயிகளை எதிர்பார்த்துக் கட்டிய கல்லூரி எழுத்தாளர்களையும் தலைவர்களையும் கொடுத்தது. படிப்புக்கு யாராலும் வேலி போட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நாடு விடுதலை பெற்ற 1957இல் கல்லூரியின் பெயர் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று மலாய்மொழியில் மாறியது. 1987இல் அது கழகமாக உயர்ந்தது. 1997இல் பல்கலைக்கழகமே ஆகிவிட்டது. இன்று அதற்குச் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் என்று பெயர். சுருக்கமாக 'உப்சி' என்பார்கள். 'சுலுஹ் புடிமான்' என்ற அந்தப் பழைய கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 2009இல் அதைத் தேசிய மரபுச் சின்னமாக அறிவித்தார்கள்.

ஊரே தண்டிக்கப்பட்ட நாட்கள்

இந்த ஊர் வாத்தியார்களையும் பாவையும் மட்டும் பார்த்ததில்லை. பெரியவர்களுக்கு அவசரகாலம் நினைவிருக்கும்.

1952ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஊருக்கு வரும் தண்ணீர்க் குழாயைக் காட்டில் இருந்தவர்கள் உடைத்துவிட்டார்கள். அதைச் சரிசெய்ய ஒரு குழு போனது. மைக்கல் கோட்னர் என்ற உதவி மாவட்ட அதிகாரியும் கூடவே போனார். அவர் சாதாரண ஆள் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரை ஒன்றின் மறைவில் சுரங்கம் தோண்டித் தப்பியவர்களில் அவரும் ஒருவர். அங்கே தப்பியவர் இங்கே தப்பவில்லை. வழியில் நடந்த தாக்குதலில் அவரும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் மாண்டார்கள்.

அப்போதைய பிரிட்டிஷ் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரிலேயே வந்தார். ஊரார் எல்லாம் தெரிந்துகொண்டே வாய் திறக்கவில்லை என்று கடிந்து, ஊருக்கே தண்டனை விதித்தார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு! கடை திறக்க இரண்டே மணி நேரம். யாரும் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. பள்ளி மூடல், பஸ் நிறுத்தம், அரிசிப் பங்கீட்டிலும் வெட்டு. வீடு வீடாகக் கேள்வித்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் தெரிந்ததை எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். சுமார் இரண்டு வாரங்கள் இப்படிக் கழிந்தன.

இதை ஏன் சொல்கிறேன்? அன்றாடம் உழைத்தால்தான் அன்றாடம் அடுப்பெரியும் என்ற குடும்பங்களுக்கு இரண்டு வாரம் வெளியே போகாமல் இருப்பது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியும் இந்த ஊர் எழுந்து நின்றது.

காலை நான்கு மணி

இன்றைய ஊருக்கு வருவோம். ஒரு கல்லூரி ஊரின் நாள் எப்படித் தொடங்குகிறது, தெரியுமா?

தோட்டத்தில் பிரட்டுக்கு எழுந்து பழகிய நமக்குக் காலை நான்கு மணி புதிதல்ல. கல்லூரி ஊரிலும் அதே நேரத்தில்தான் விளக்கு எரியும். ஆனால் உளியும் மங்கும் இல்லை, மாவும் தோசைக்கல்லும்! எட்டு மணி வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகள் ஏழு மணிக்குப் பசியாற வேண்டுமே. நாசி லெமாக் பொட்டலம் கட்டும் கை ஒரு பக்கம், ரொட்டி சானாய் வீசும் கை மறுபக்கம், தே தாரிக் ஆற்றும் கை இன்னொரு பக்கம். மலாய்க்கார மக்சிக், சீன ஆன்ட்டி, நம் அக்கா என்று மூன்று இனமும் அந்த நேரத்தில் அடுப்படியில்தான்.

விடிந்ததும் வேறு கூட்டம் கிளம்பும். விடுதியைக் கூட்டுகிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள், வாசலில் நிற்கும் காவலாளிகள், பஸ் ஓட்டுகிறவர்கள், உணவகத்தில் தட்டுக் கழுவுகிறவர்கள். பிள்ளைகள் எழுந்து பார்க்கும்போது வராந்தா பளிச்சென்று இருக்கும். அதைப் பளிச்சென்று ஆக்கியது யார் கை என்று அவர்கள் பார்ப்பதில்லை. அது அவர்கள் குற்றமும் இல்லை.

பத்து மணிக்கு மேல் கடைத்தெரு. நகல் எடுக்கும் கடை, ஆய்வேட்டுக்கு அட்டை கட்டும் கடை, துணி துவைக்கும் கடை, முடிவெட்டும் கடை, மோட்டார் சைக்கிள் பட்டறை, துணி தைக்கிறவர். வாத்தியாராகப் போகிறவர்கள் கசங்கிய சட்டையோடு பயிற்சிக்குப் போக முடியுமா? இரவானால் பாசார் மாலாம். வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால் அதையும் வாடகைக்கு விடலாம். பட்டமளிப்பு விழா வந்தால் பூச்செண்டுக் கடைகள் வரிசையாக முளைக்கும். பூத்தொடுக்க நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன?

இந்தத் தொழில்களில் ஒரு சங்கதி உண்டு. ரப்பருக்கு இலையுதிர் காலம் இருக்கிற மாதிரி கல்லூரி ஊருக்கும் ஓர் இலையுதிர் காலம் இருக்கிறது. தவணை விடுமுறை! பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டு இரயில் ஏறியதும் ஊரில் பாதி உயிர் போய்விடும். மாவு பாதி ஆட்டினால் போதும். துவைக்கும் கடையில் இயந்திரம் சும்மா நிற்கும். அந்த மாதங்களுக்கென்று முன்கூட்டியே எடுத்துவைக்கத் தெரிந்தவன்தான் இந்த ஊரில் நிலைத்த வியாபாரி.

2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததே, நினைவிருக்கிறதா? அந்தக் கொரோனா காலத்தில் வகுப்புகள் எல்லாம் கைப்பேசிக்கும் கணினிக்கும் போய்விட்டன. விடுமுறை வந்தால் இரண்டு மூன்று மாதம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, பிள்ளைகள் எப்போது திரும்புவார்கள் என்றே சொல்ல முடியாத நிலை. நாட்டில் உள்ள எல்லாக் கல்லூரி ஊர்களும் அன்று ஒரு பாடம் கற்றன. ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கிறவன், அந்த வாடிக்கையாளர் இருமினாலே பயப்பட வேண்டியதுதான்.

மாறிய வழிகள்

முன்பெல்லாம் கோலாலம்பூர் – ஈப்போ வண்டிகள் எல்லாம் இந்த ஊருக்குள்ளே புகுந்துதான் போக வேண்டும். 1920களிலேயே தொடங்கிய பாவ் வியாபாரம் அந்தப் பயணிகளால்தான் நாடு முழுக்கப் பேர் வாங்கியது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தது. லோரிகளும் பஸ்களும் ஊருக்கு வெளியிலேயே பறந்துவிட்டன. வழிப்போக்கரை நம்பிய கடைகள் திகைத்தன. அந்தச் சமயத்தில் ஊருக்குக் கை கொடுத்தது எது? மூன்றே ஆண்டில் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்லூரிதான்.

பிறகு கார் வந்தது! புரோட்டோன் நிறுவனத்தின் தொழிற்சாலை 2003இல் இங்கே இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றிப் புரோட்டோன் சிட்டி என்ற புதுநகரம் எழுந்தது. பல்கலைக்கழகமும் அங்கே ஒரு புதிய வளாகத்தைக் கட்டி, மாணவர்களில் ஒரு பகுதியை அங்கே கொண்டுபோனது. பழைய வளாகத்தின் வாசலை நம்பிக் கடை போட்டவர்கள் புதிய வளாகத்தின் பக்கமும் பார்க்க வேண்டியதாயிற்று. 2009இல் கொம்யூட்டர் இரயில் இந்த ஊரை எட்டியது. இப்போது இங்கே குடியிருந்துகொண்டே கோலாலம்பூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் லயங்களைவிட்டு டவுனுக்கு வந்த நம் குடும்பங்கள் எத்தனை! தொழிற்சாலை, துப்புரவு, காவல், ஒட்டுக்கடை என்று அவர்களுக்கு முதலில் கிடைத்த வேலைகள் இவைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழைப்பு எதுவானாலும் உழைப்புதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். துப்புரவும் காவலும் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தால் முதலாளி மாறுவார்; பத்தாண்டு உழைத்தவரும் மறுநாள் புது ஆள்! ஆகவே சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஊழியர் சேமநிதிப் பணமும் சொக்சோ சந்தாவும் மாதா மாதம் கட்டப்படுகின்றனவா என்று பாருங்கள். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் இந்தச் சட்டம் பொருந்தும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், சம்பளச் சீட்டை அதன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்பு குடும்பத்துக்குத் தரும் முதல் வருமானம் அதுதான்!

கேட்டுக்கு உள்ளே

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். அப்பா முன்பு பால் வெட்டியவர். இப்போது காவல் வேலை. அம்மா கல்லூரிப் பக்கம் விடுதி கூட்டுகிறார். மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டாள், தேர்ச்சி பரவாயில்லை. தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மோட்டார் சைக்கிள் தவணை பாக்கி இருக்கிறது. தம்பி இன்னும் படிக்கிறான். மகளோ, "ஆறாம் படிவம் படிக்கவா அம்மா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்.

அந்த அம்மா என்ன சொல்ல வேண்டும்?

தினமும் அந்த அம்மா துடைக்கிற வராந்தாவில் நடக்கிற பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், வாசகர்களே! தொடக்கத்தில் மலாய் ஆண் பிள்ளைகளுக்கென்று கட்டிய அந்தக் கல்லூரி, இன்று ஆணும் பெண்ணும் எல்லா இனமும் படிக்கிற பல்கலைக்கழகம். அங்கே தமிழ்மொழியையே முதன்மைப் பாடமாக எடுத்துக் கல்வியியல் பட்டம் பெறலாம். தமிழில் படித்து, தமிழ் ஆசிரியராக வெளியே வரலாம். 1923இல் கங்காணி எழுதிய கரும்பலகையில் தொடங்கிய நம் பள்ளிக்கூடத்துக்கு, 1922இல் கட்டிய அதே கல்லூரி இன்று பட்டதாரி வாத்தியார்களைத் தருகிறது. அந்தக் காலத்து ஆட்சியாளர்கள் இதைக் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்!

வழி தெரிந்தால்தானே போக முடியும்? ஆகவே வழியைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் சிறப்புத் தேர்ச்சி வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அது இல்லாமல் முடியாது. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறினால்தான் சான்றிதழே கிடைக்கும். இந்த இரண்டிலும் அசட்டை கூடாது.

இரண்டாவது, எஸ்.பி.எம்.மில் தமிழை விட்டுவிடாதீர்கள். சுமையாக இருக்கிறது, புள்ளி குறையும் என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டிவிட வேண்டாம். தமிழாசிரியர் ஆக விரும்பும் பிள்ளை தமிழைப் பாதியில் விட்டால், பிறகு எந்த வாசலில் போய் நிற்கும்?

மூன்றாவது, எஸ்.பி.எம்.முக்குப் பிறகு ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதலாம், மெட்ரிகுலேசன் வழியும் உண்டு. ஆறாம் படிவம் அரசுப் பள்ளிகளிலேயே இருப்பதால் பிள்ளை வீட்டிலிருந்தே போய்வர முடியும். பட்டப்படிப்புக்கு எம்.யு.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். பிறகு யு.பி.யு. என்ற அரசாங்க இணைய முறையில் விண்ணப்பம். கல்வியியல் படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வும் நடத்துகிறார்கள். விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். தேதியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்!

நான்காவது, தொடக்கப் பள்ளியில் வாத்தியாராக விரும்பும் பிள்ளைக்கு நாட்டில் ஆசிரியர் கல்விக் கழகங்களும் இருக்கின்றன. அங்கே போகும் வழி தனி. இரண்டு வழியையும் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் கேளுங்கள். நேரில் போய்க் கேட்க வெட்கப்படாதீர்கள். நம் பிள்ளைக்காக ஒரு முறை பள்ளி வாசலை மிதிப்பதில் என்ன வெட்கம்?

ஐந்தாவது, பணம். பி.டி.பி.டி.என். என்ற உயர்கல்விக் கடன் 1997 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் பெயரே சொல்வதுபோல் அது கடன், இனாம் அல்ல. படித்து முடித்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். எவ்வளவு வாங்குகிறோம், எதற்குச் செலவழிக்கிறோம் என்று பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கிய மறுநாளே அரசாங்க வேலை கையில் வந்து விழும் என்று எண்ண வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது. அதற்கு மேலும் நேர்முகம், காத்திருப்பு, தூரத்துப் பள்ளி எல்லாம் உண்டு. அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டுதான் அனுப்ப வேண்டும். ஆனால் பட்டம் பெற்ற பிள்ளை காத்திருக்கும் காலத்திலும் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும். பட்டம் இல்லாத பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது.

இந்த நான்கு ஆண்டுப் படிப்பில் இன்னொரு நல்ல காரியமும் நடக்கிறது. வாத்தியாராகப் போகும் மாணவர்கள் பள்ளிகளுக்குப் போய் மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பார்கள். அப்படிப்பட்ட இளைஞர் ஒருவர் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கும் வரலாம். வந்தால், பயிற்சி வாத்தியார்தானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். எந்த ஊர், எப்படிப் படித்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத வழியெல்லாம் அவர்கள் வாயில் இருக்கும்.

மீண்டும் அந்த வராந்தா

அந்த அம்மாவுக்குத் திரும்புவோம்.

தொழிற்சாலைக்கு அனுப்பினால் அடுத்த மாதமே சம்பளம் வரும். அது பொய்யில்லை. மோட்டார் சைக்கிள் தவணையும் அடையும். ஆறாம் படிவத்துக்கும் பட்டத்துக்கும் சேர்த்து ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் அப்பாவின் முதுகும் அம்மாவின் முழங்காலும் இன்னும் கொஞ்சம் தேயும். இதைச் சொல்லாமல், "படிக்க வையுங்கள், படிக்க வையுங்கள்" என்று மேடையில் பேசிவிட்டுப் போவது சுலபம். முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆனாலும் ஒரு கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். 1922இல் கம்பத்துப் பிள்ளைக்குக் கூடை முடையக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார்கள். 1923இல் தோட்டத்துப் பிள்ளைக்கு ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் போதும் என்றார்கள். அந்தப் 'போதும்' என்ற சொல்லைச் சொன்னவர்கள் வெளியிலிருந்து வந்த ஆட்சியாளர்கள். அதே சொல்லை இன்று நம் வாயால் நம் பிள்ளைக்கு நாமே சொல்லலாமா?

பெர்னாம் ஆற்றைக் கடந்து இரயில் நிற்கும்போது அடுத்த முறை இறங்கிப் பாருங்கள். பாவ் வாங்கித் தின்னுங்கள். அதில் குறை வைக்க வேண்டாம். அப்படியே பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கல்லூரிச் சாலையில் ஒரு நடை நடந்து வாருங்கள். அந்தப் பழைய கட்டடத்தை வெளியிலிருந்தாவது காட்டுங்கள். இது வாத்தியார் ஊர், இந்த மாவட்டத்துக்கே வாத்தியார் என்றுதான் பேர், இங்கே தமிழும் படிக்கலாம் என்று சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைதானே, என்ன புரியும் என்று நினைக்காதீர்கள். தன் கண்ணால் பார்த்த வாசலுக்குத்தான் பிள்ளை ஒரு நாள் வழி கேட்கும்.